மேல் ஓட்டைக்கு ஒரு சாப்ஸ்டிக்

கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன், என்ன சாமான் வாங்கலாம் என்று இப்போதும் யாராவது என்னிடம் வந்து கேட்பதுண்டு. எந்தக் கார்டு, எத்தனை மெமரி என்று ஆரம்பிப்பார்கள். நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன். உன் வீட்டு சாக்கெட்டுக்குள் எர்த் ஒயர் இருக்கிறதா? திறந்து பார்த்தாயா? கேட்டவர் முகம் சுருங்கிவிடும். இந்த ஆளிடம் போய்க் கேட்டோமே என்று நினைப்பார். நினைக்கட்டும். என்னிடமும் ஒருத்தர் அதே கேள்வியைக் கேட்டார். நான் சிரித்தேன். நான் சிரித்ததற்கு அடிபட்டது என் அக்கா.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மலேசியாவில், கிள்ளானிலிருந்து மேரு போகும் சாலையோரம், கீழ்ப்பாதி கல், மேல்பாதி பலகை என்று ஒரு பழைய வாடகை வீடு. அம்மா, அக்கா, நான். அக்காவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. வீட்டிலேயே ரவிக்கை தைத்தாள். அளவு டேப் எந்நேரமும் கழுத்தில் கிடக்கும், ஆனால் அதை அவள் அதிகம் தொட்டு நான் பார்த்ததில்லை. துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவாள். இது துவைத்தால் சுருங்கும், இது சாயம் போகும், இதற்கு லைனிங் வேண்டும் என்று சொல்லிவிடுவாள். தவறியதே இல்லை. எங்கள் வீட்டு அரிசி அந்த இரண்டு விரலிலிருந்துதான் வந்தது. என் பேக்டரி சம்பளத்தை நான் என் ஆசைக்குத்தான் செலவு செய்தேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

ஹாலில் ஒரே ஒரு சாக்கெட். நம் ஊர் சாக்கெட்டுக்கு மூன்று ஓட்டை. கீழே இரண்டு, மேலே ஒன்று. அக்காவின் தையல் மெஷினுக்கு இரண்டு முனை பிளக். மேல் ஓட்டையில் எதையாவது விட்டு அமுக்கினால்தான் கீழ் ஓட்டைகள் திறக்கும், இரண்டு முனை பிளக் உள்ளே போகும். அதற்காகவே மீ நூடுல்ஸ் கடையில் சாப்பிடத் தரும் மரச் சாப்ஸ்டிக் ஒன்றைப் பாதியாக ஒடித்து சாக்கெட்டின் தலையில் வைத்திருப்போம். சில வீடுகளில் பேனா மூடி, சில வீடுகளில் ஊதுபத்திக் குச்சி. எங்கள் வட்டாரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும் இந்த வித்தை. அதனால் சின்ன வயதிலிருந்தே என் மண்டையில் ஒன்று ஏறிவிட்டது. மேல் ஓட்டை ஒரு தாழ்ப்பாள். கீழ் இரண்டைத் திறந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. அதற்குப் பின்னால் ஒரு ஒயர் இருக்க வேண்டும், கரண்ட் தப்பி வந்து தகரத்தில் ஏறினால் அதை ஆள் மேல் பாயவிடாமல் மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

எனக்கு வேண்டியது வேகம். துப்பாக்கி கேம், கார் ரேஸ் கேம். பெட்டாலிங் ஜெயாவில் நான் வேலை செய்த பேக்டரியில் ஒரு டெக்னீசன் இருந்தார். தமிழர்தான், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இடுப்பில் பேஜர், சட்டைப் பையில் டெஸ்ட் பேனா. கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்தால் எரியுமே, அந்தப் பேனா. ஏழு கம்ப்யூட்டர் கட்டியிருக்கிறேன் என்று சொல்லுவார். கேண்டீனில் அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர்.

“அண்ணே, 486 பத்தாதா?”

“486ஆ? அதுல உங்கம்மாவுக்குக் கடுதாசி அடிச்சுக் குடு. கேம் விளையாடணும்னா பென்டியம்.”

“மெமரி எட்டு போட்டா?”

“எட்டு போதும்னு கடைக்காரன் சொல்லுவான். அவனா விளையாடப் போறான்? பதினாறு போடு. காசு பத்தலன்னா ஒரு மாசம் நாசி லெமாக் சோத்த நிறுத்து.”

“கேசிங்?”

“அது தகரப் பெட்டி லா. எது மலிவோ அத எடு. உள்ள இருக்கறது ஓடணும், பெட்டியா ஓடப் போவுது?”

“பவர் சப்ளை?”

“அது கேசிங்கோடயே வரும். இனாம்.”

சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். பதினொரு வரி. கரண்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு மாதம் முழுக்கப் பேசினோம். பென்டியம் நூறா, நூற்று முப்பத்து மூன்றா என்று சண்டையே போட்டோம். இத்தனையும் எதில் ஓடப் போகிறதோ அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருந்த ஒரு மாலுக்குப் போனோம். சீனக் கடைக்காரர் இரண்டு கேசிங்கை மேசைமேல் வைத்தார். ஒன்று கனமானது, ஓரம் எல்லாம் உள்ளே மடித்திருந்தது. இன்னொன்று லேசானது. அதன் ஓரத்தில் விரலை ஓட்டினேன். கத்தி மாதிரி இருந்தது.

“பாஸ், இது பாகுஸ்,” என்று கனமானதைத் தட்டிக் காட்டினார் கடைக்காரர். நல்லது என்கிறார்.

“அவரு அப்படித்தான் சொல்லுவாரு,” என்றார் டெக்னீசன். “அந்தக் காச கிராபிக் கார்டுல போடு.”

நான் லேசானதை எடுத்தேன். கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் கட்டிக் கொடுத்துவிட்டார்.

மானிட்டர் மட்டும் பழையது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஃப்ளாட்டில் ஓர் ஆன்டி விற்கிறார் என்று டெக்னீசன் விசாரித்து வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாங்கள் போனபோது வெள்ளை உடுப்போடு வேலைக்குக் கிளம்பி நின்றார். மானிட்டரைப் போட்டுக் காட்டினார். படம் நன்றாக இருந்தது. ஒயரைச் சுற்றிக் கையில் கொடுக்கும்போது கேட்டார்.

“தம்பி, கம்ப்யூட்டர் பெட்டி தகரம்தானே? வீட்டில எர்த் ஒழுங்கா இருக்கோ?”

“இருக்கு ஆன்டி. சாக்கெட்ல மூணு ஓட்டை இருக்கு.”

“ஓட்டை இருக்கிறது வேற, அதுக்குள்ள வயர் இருக்கிறது வேற. நான் வார்ட்டில கரண்ட் அடிச்ச கன பேரைப் பார்த்திருக்கிறன். ஒருக்காத் திறந்து பாருங்கோ.”

“பாத்துடறோம் ஆன்டி,” என்றார் டெக்னீசன்.

கிள்ளான் பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தார். “எர்த் இருக்கோ? தண்ணி இருக்கோ? காத்து இருக்கோ?” என்று அந்த ஆன்டியின் குரலிலேயே இழுத்தார். “ஊசி போடறவங்க எல்லாம் நமக்குக் கரண்ட் பாடம் எடுக்கறாங்கடா.” நானும் சிரித்தேன். கிள்ளான் வரைக்கும் சிரித்தோம். மானிட்டர் என் மடியில் கிடந்து தொடையை அழுத்தியது.

வீட்டில் தையல் மெஷினும் கம்ப்யூட்டரும் ஒரே சாக்கெட்டில் ஓட வேண்டும். அதற்கு நானே ஒரு எக்ஸ்டென்ஷன் கட்டினேன். ஹார்ட்வேர் கடையில் இரட்டைக் கம்பி ஒயர் வாங்கினேன். மூன்று கம்பி ஒயரும் தொங்கியது. மூன்றாவது எதற்கு? கரண்ட் போக ஒன்று, வர ஒன்று. ஒரு முனையில் மூன்று முனை பிளக், மறுமுனையில் இரண்டு பிளக்குக்கு இடமுள்ள சாக்கெட். பிளக்கின் மேல் முனையில் ஒயரே மாட்டவில்லை. அது வெறும் பித்தளைக் குச்சி. சாப்ஸ்டிக்கின் வேலையை அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன். டெக்னீசன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். “நல்லா கட்டியிருக்கியே,” என்றார். திறந்து பார்க்கவில்லை. டெஸ்ட் பேனா பையிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். அக்கா வெட்டிப்போட்ட துணித் துண்டுகள் சுற்றிலும் கிடந்தன. போர்டை வைத்தோம், பிராசசரை உட்காரவைத்தோம். பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு இரண்டு கொத்து ஒயர் வரும். கறுப்பும் கறுப்பும் நடுவில் சேர வேண்டும், மாற்றிப் போட்டால் போர்டு கருகிவிடும் என்று டெக்னீசன் மூன்று முறை பார்த்து மாட்டினார். போர்டின்மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை. அந்தக் காலத்துப் பெட்டிகளில் வீட்டுக் கரண்ட் நேராக முன்பக்கத்து சுவிட்சுக்கு வந்துவிட்டுத்தான் திரும்பிப் போகும். அதற்கென்று தடித்த ஒயர் நாலு, தகரத்தின் ஓரமாகவே வரும். அதைச் சும்மா வளைத்துத் திணித்தார்.

மூடியைத் தள்ளும்போது என் விரல் அறுந்தது. ரத்தம் தகரத்தில் வழிந்தது.

“ரத்தம் குடிச்சிருச்சா? அப்ப நல்லா ஓடும்,” என்றார் டெக்னீசன். எல்லாரும் சிரித்தோம், அக்காவைத் தவிர. அவள் ஒரு துணித் துண்டை எடுத்து என் விரலில் சுற்றினாள். “சாமான் வாங்கின அன்னிக்கே காவு கேக்குது,” என்றாள்.

மூடி முழுசாகப் போகவில்லை. எங்கோ தட்டியது. டெக்னீசன் பக்கவாட்டில் முஷ்டியால் ஒரு குத்து விட்டார். போய்விட்டது. அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஓடியது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

நாலு நாள் கழித்து அக்கா சொன்னாள். “டேய், உன் பெட்டியத் தொட்டா சுர்ருங்குது.”

“ஈரக் கையோட தொட்டிருப்ப.”

“காஞ்ச கையிதான்.”

நானும் தொட்டுப் பார்த்தேன். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கேண்டீனில் கேட்டேன்.

“எல்லாக் கேசிங்கும் அப்படித்தான் லா,” என்றார் டெக்னீசன். “வீட்டுக்குள்ள சிலிப்பர் போட்டுக்க. ஒண்ணும் தெரியாது.”

புதிதாக ஒரு ரப்பர் சிலிப்பர் வாங்கி மேசைக்கு அடியில் போட்டேன். உட்கார்ந்தால் அதில்தான் கால் வைப்பேன். சுர் நின்றுவிட்டது. எனக்கு நின்றுவிட்டது. அக்காவிடமும் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

“சாமிப் படத்துக்குக் கீழ செருப்போட உக்காந்து தைக்கச் சொல்றியா? உனக்குத்தான் புத்தி இல்ல.”

அதோடு விட்டுவிட்டேன். இன்னொரு முறை சொன்னாள், இரண்டு வாரம் கழித்து. நான் ரேஸில் இருந்தேன். “கிட்ட போகாத, அவ்வளவுதான்,” என்றேன், திரையைவிட்டுத் திரும்பாமல். அவள் மெஷின் என் பெட்டியிலிருந்து ஒரு முழத் தூரம். எங்கே போவாள்?

தீபாவளி நெருங்கியது. ரவிக்கைத் துணிகள் நாற்காலி, அலமாரி, கட்டில் மேலெல்லாம் குவிந்தன. ஒவ்வொரு துணியிலும் பேர் எழுதிய காகிதத்தை ஊசியால் குத்திவைத்திருந்தாள். எனக்குப் போனஸ் வந்தது. டெக்னீசன் சொல்லிப் புதிய கார்டு ஒன்று வாங்கினேன். கேமில் புகையும் நெருப்பும் நிஜமாகத் தெரியும் என்றார். புதன்கிழமை சாயங்காலம் நானே திறந்து மாட்டினேன். மூடியைத் தள்ளினேன். பழைய இடத்திலேயே தட்டியது. குத்தினேன். போகவில்லை. முழங்காலை வைத்து அழுத்தினேன். உள்ளே ஏதோ நசுங்குவது முழங்காலுக்குத் தெரிந்தது. இன்றும் தெரிகிறது. மூடி போய்விட்டது, நெருப்பு நிஜமாகத் தெரிந்தது, இரண்டு நாள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலிப்பரோடு.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. காலையிலேயே அம்மா வீட்டைக் கழுவிவிட்டாள். சிமெண்ட் தரை முழுக்க ஈரம். அக்கா ஈரத்துணியோடு ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எந்திரி. அந்த பூதத்த அடைச்சுட்டுப் போ. தொடைக்கணும்.”

அடைத்தேன். பெட்டியின் முன்பக்கத்து சுவிட்சை அமுக்கினேன். திரை கறுத்தது, விசிறி நின்றது. அவள் பார்த்து உறுதி செய்துகொண்டாள். ஓடும்போது தொடக் கூடாது என்று அவளாகவே ஒரு விதி வைத்திருந்தாள் பாவம். சுவர் சாக்கெட்டின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. நான் டீ ஆற்ற அடுப்படிப் பக்கம் நடந்தேன்.

அவளிடமிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. அதைத்தான் மறக்க முடியவில்லை. தையல் மெஷின் பக்கம் கத்தரிக்கோல் விழுந்த ஓசை மட்டும் கேட்டுத் திரும்பினேன். அக்கா பெட்டியின்மேல் வலது கையை வைத்தபடி நின்றாள். ஏதோ யோசித்துக்கொண்டு நிற்பவள்போல. பிறகுதான் தோள் துடிப்பதைப் பார்த்தேன். துணி கீழே கிடந்தது. பெட்டியின் ஓரத்தை விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. விட முடியவில்லை அவளுக்கு. கண் என்னைப் பார்த்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து அவளைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

“தொடாதம்மா!” என்று கத்திக்கொண்டு சுவருக்குப் பாய்ந்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். அந்தப் பித்தளைக் குச்சியோடு பிளக் என் கையில் வந்தது. அக்கா விழுந்தாள்.

கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் கொண்டுபோனோம். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பகல் பிடித்தது. உள்ளங்கையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனியிலும் தோல் வெந்திருந்தது. காயம் ஆறும், உணர்ச்சி திரும்புமா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். வீட்டில் எர்த் இல்லையா? பிரிக்பீல்ட்ஸ் ஆன்டி கேட்ட அதே கேள்வி.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். சுவிட்சுக்குப் போகும் பழுப்பு ஒயர், தகர ஓரத்தில் நசுங்கி, ஒரு நெல்லளவு தோல் கிழிந்து செம்பு தெரிந்தது. பெட்டியை அடைத்தாலும் அந்த ஒயரில் கரண்ட் இருக்கும். சுவர் சாக்கெட்டையும் திறந்தேன். அதில் எர்த்துக்கான பச்சை ஒயர் இருந்தது. வீட்டுக்காரர் போட்டிருந்தார், ஒழுங்காகவே போட்டிருந்தார். இத்தனை நாள் அவர் வீட்டு ஒயரிங்தான் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. சுவர்வரைக்கும் வந்த எர்த்தை என் எக்ஸ்டென்ஷன்தான் அங்கேயே நிறுத்திவைத்தது.

அக்கா வீடு திரும்பிய பிறகு, ஞாயிறன்று டெக்னீசன் வந்தார். ஒரு டின் மைலோ, ஆறு ஆரஞ்சு. அக்காவைப் பார்த்து, “ரெஸ்ட் எடுங்க சிஸ்டர்,” என்றார். ஹாலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“போர்டு தப்பிச்சிருச்சா?”

கேட்ட வாயில் அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. காரணம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலமே நானும் அதைத்தான் பார்த்தேன். கிழிந்த ஒயரைத் தகரத்திலிருந்து விலக்கி, பிளக்கை நேராகச் சுவரில் குத்தி, போர்டு ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து தைக்காத துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். அம்மா காகிதத்தைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, எந்தத் துணி யாருடையது என்று காகிதம் பார்க்காமலே சொன்னாள். எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று போனேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

“ஒண்ணு கேக்கறேன். நீ எதுக்குடா சிலிப்பர் போட்டுக்கிட்ட?”

நான் தரையைப் பார்த்தேன்.

“அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. என்னையும் எடுக்க விடவில்லை.

விரல்கள் மறுபடி மடங்கின, பிடித்தன, கத்தரித்தன. ஆனால் நுனியில் உணர்ச்சி திரும்பவில்லை. துணியை உருட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வருகிறவர்களிடமே இது சுருங்குமா என்று கேட்கிறாள். எல்லாவற்றையும் டேப் வைத்துத்தான் அளக்கிறாள். ஊசி குத்தினால் அவளுக்குத் தெரியாது. வெள்ளை லைனிங் துணியில் சிவப்பாகப் புள்ளி விழுந்த பிறகுதான் விரலைத் திருப்பிப் பார்ப்பாள். உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசுவாள். நான் அந்தப் பக்கம் போகும்போது புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொரு துணியாகப் பார்க்கிறேன். பல நாள் இருக்கிறது.